டைட்டானிக்கும் ஒரு சீதன வலையும்

கடற்படைப் படகு எங்களைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. பிறகு இயந்திரச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றது. அந்த நேரம் என் கையில் ஒரு நீளக் கயிறு இருந்தது. கயிற்றின் மறுமுனையில், கடலின் அடியில், ஒரு கட்டிச் சவுக்காரம் தொங்கிக்கொண்டிருந்தது.

வாசனைச் சவுக்காரம் அல்ல. துணி துவைக்கிற மஞ்சள் சவுக்காரம். ஓர் ஈயக் கட்டியின் அடியில் வைத்து வரிந்து கட்டியிருந்தோம். துப்பாக்கி வைத்திருக்கிற ஒருவருக்கு இதை எப்படி விளங்கப்படுத்துவது என்று யோசிக்க எனக்கு அவகாசம் இருக்கவில்லை. காலையில் சாப்பிட்ட இடியப்பத்தை அதற்குள் இரண்டு தவணையாகக் கடலுக்குக் கொடுத்துவிட்டுப் படகின் நடுவில் சுருண்டு கிடந்தேன்.

படகில் நாங்கள் மூன்று பேர். இயந்திரத்தைப் பிடித்திருந்தவர் குணம், சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த கடற்றொழிலாளி. திருகோணமலையில் எங்கள் ஓர்ஸ் ஹில் வீடுகளுக்குச் சைக்கிளில் மீன் கொண்டு வருபவர். படகின் முன்பக்கத்தில் இடுப்பில் கைகளை வைத்து நின்றவர் அவருடைய மாமனார், நிலாவெளி கதிர்காமு. மூன்றாவது ஆள் கச்சேரி என்கிற மாவட்ட அரசாங்க அலுவலகத்தில் காணிப் பகுதி எழுதுவினைஞரான நான்.

"என்ன தேடுகிறீர்கள்?" என்று கடற்படை அதிகாரி சிங்களத்தில் கேட்டார்.

குணம் மாமனாரைப் பார்த்தார். மாமனார் கடலைப் பார்த்தார். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். அரசாங்க சேவைக்கான சிங்களப் பரீட்சையில் நான் சித்தியடைந்தவன் என்பது அவர்களுக்குத் தெரியும். மூன்றாவது தடவையில்தான் சித்தியடைந்தேன் என்பது தெரியாது.

என்னுடைய சிங்களம் கோப்புச் சிங்களம். 'தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றேன்' என்று அழகாகச் சொல்வேன். கொழுவிக்கொண்ட வலை, சீதனம், மாமனார் முகம் ஆகியவற்றுக்கான சொற்கள் பாடத்திட்டத்தில் இருக்கவில்லை. வாயில் வந்த ஒரே சொல்லைச் சொன்னேன்.

"டைட்டானிக்."

நாலு மணிச் சொற்பொழிவு

அந்தச் சொல் ஏன் வாயில் வந்தது என்பதற்குச் சில மாதங்கள் பின்னால் போகவேண்டும்.

(அதற்கு முன் ஒரு திருத்தம். சென்ற கிழமை இந்தப் பத்தியில் நான் எழுதிய வெள்ளம் வந்தது கார்த்திகையில் அல்ல, மார்கழியில் என்று உவர்மலை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். சரிபார்த்தேன். அவர் சொல்வதே சரி. மாடு மிதந்தது மட்டும் நான் சொன்னபடிதான்.)

டைட்டானிக்கைக் கண்டுபிடித்த செய்தியை எண்பதுகளின் நடுவில் வானொலியில் கேட்டேன். கப்பலுக்குள் இறங்கிப் பார்த்து எடுத்த படங்கள் அடுத்த வருடம் வெளிவந்தன. எங்கள் ஊருக்கு அவை வந்து சேர இன்னும் சில மாதங்கள் பிடித்தன. அவையும் நேராக வரவில்லை. கொழும்பிலிருந்து என் மைத்துனி கொண்டுவந்த பயற்றம் பணியாரத்தைச் சுற்றியிருந்த சஞ்சிகைத் தாளில் வந்தன. கப்பலின் துருப்பிடித்த முன்முகத்தின் மேல் எண்ணெய்க் கறை படிந்திருந்தது. இருந்தாலும் கம்பி கம்பியாகத் தொங்கிய துரு தெரிந்தது. அன்று முழுதும் நான் பணியாரத்தைத் தொடவில்லை.

வாசிகசாலையில் இதைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். இருட்டுமுன் எல்லோரும் வீடு போய்ச் சேரவேண்டிய யுத்த காலம். ஆகையால் கூட்டம் நாலு மணிக்கு. தலைவர் மணியம் மாஸ்டர், இளைப்பாறிய கணித ஆசிரியர். விடை தெரிந்த கேள்விகளை மட்டும் கேட்கும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

நான் என் வழக்கப்படி நேரத்தில் தொடங்கினேன். கப்பல் தாழ்ந்தது அங்கே விடியாத இருட்டில். அதே கணம் திருகோணமலையில் திங்கட்கிழமை மத்தியானத்துக்குச் சற்று முன். சித்திரைப் புதுவருடம் பிறந்த கையோடு. எங்கள் பாட்டன்மார் புதுவருடப் பலகாரத்தின் மிச்சத்தைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருப்பார்கள் என்றேன்.

"எல்லாத்திலயும் பலகாரத்தைக் கொண்டுவாறீர்," என்றார் மாஸ்டர்.

கண்டுபிடித்த விதத்துக்கு வந்தேன். அவர்கள் கப்பலைத் தேடவில்லை. கப்பல் சிந்தியதைத் தேடினார்கள். தாழ்ந்துபோகிற கப்பல் தன் சாமான்களை வழிநெடுகச் சிந்திக்கொண்டு போகும். கரி, கோப்பை, சப்பாத்து, கதவு. கப்பல் ஒரு புள்ளி என்றால் அதன் குப்பை ஒரு நீளமான பாதை. புள்ளியைத் தவறவிடலாம். பாதையை ஒருமுறையாவது குறுக்கே கடந்தே தீரவேண்டும். படம்பிடிக்கும் கருவியை நீண்ட கம்பியில் தொங்கவிட்டு, வயல் உழுவதுபோல் மேலும் கீழுமாகப் போனார்கள். கிழமைக்கணக்கில் சேறு. பிறகு ஒரு கொதிகலன். அதைப் பிடித்துக்கொண்டு போனால் கப்பல், இரண்டு துண்டாக.

"இவ்வளவு செலவழிச்சுக் கண்டுபிடிச்சவை," என்றார் மாஸ்டர், "அதில திரும்பி வாறதுக்கு ரிக்கெற் வச்சிருந்த ஆரையேன் கண்டவையோ?"

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தேன். பிறகு, கண்டுபிடித்தவர்கள் இடத்தை எவருக்கும் சொல்லவில்லை, கொள்ளையடிக்க ஆட்கள் வந்துவிடுவார்கள் என்ற பயம் என்றேன்.

"அது சரியான வேலை ஐயா!" என்று வாசலிலிருந்து ஒரு குரல். மீன்பெட்டி கட்டிய சைக்கிளோடு குணம் நின்றார். "இடத்தைச் சொன்னால் விடிய எல்லாரும் அங்கதான் வலையோட நிப்பினம்."

அன்றைக்குக் கைதட்டல் கிடைத்தது அவருக்குத்தான்.

கூட்டம் முடிந்ததும் குணம் என்னிடம் வந்தார். "அந்தக் கப்பலில வலை ஏதும் கொழுவிக் கிடந்ததோ ஐயா?"

"இரண்டரை மைல் ஆழத்தில் ஆர் வலை போடுறது?"

"அப்ப, ஆழம் குறைஞ்ச கப்பலெண்டால்? உந்த உழவு சரிவருமோ?"

"எந்தக் கப்பல்?" என்று மாஸ்டர் பின்னாலிருந்து கேட்டார்.

"ஒண்டுமில்லை. சூரை கிடக்கு, ஆருக்கேன் வேணுமோ?" என்று குணம் சைக்கிளைத் திருப்பினார்.

டைட்டானிக் பற்றி இன்னொன்று பல வருடங்களுக்குப் பிறகுதான் வெளியில் வந்தது. தேடியவர்களை அமெரிக்கக் கடற்படை அனுப்பியது வேறு வேலைக்காம். தாழ்ந்துபோன இரண்டு நீர்மூழ்கிகளைப் பார்க்க. டைட்டானிக் தேடுகிறோம் என்பது வெளியே சொன்ன கதை. மிஞ்சிய சில நாட்களில் உண்மையாகவே அகப்பட்டுவிட்டது. கடலில் நிற்கிற ஒருவன் சொல்கிற காரணம் ஒன்று, உள்ள காரணம் இன்னொன்று என்பது சல்லிக்கு மட்டும் உரியதல்ல.

வலை சுகமோ?

உள்ள காரணத்தைக் குணம் இரண்டு நாள் கழித்து என் வீட்டுப் படலையடியில் சொன்னார். என் மனைவி மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குணத்துக்குச் சீதனமாக வந்தது காணியோ நகையோ அல்ல. ஒரு நைலோன் வலை. மாமனார் கதிர்காமு கலியாணப் பந்தலில் எழுந்து நின்று சொன்னாராம்: "காணி பிரச்சினையில போகும். நகை அடைவுக்குப் போகும். வலைதான் சோறு போடும்." அதன் பிறகு எப்போது மகள் வீட்டுக்கு வந்தாலும் முதல் கேள்வி, "வலை சுகமோ?" மகள் மலரின் சுகம் இரண்டாவது.

அந்த வலை இப்போது கடலின் அடியில் இருந்தது.

சல்லிக்கு நேரே வெளியில் ஒரு பழைய இரும்புக் கப்பல் தாழ்ந்து கிடக்கிறது. மீன் அதைச் சுற்றி மொய்க்கும். ஆனால் இடம் தெரிந்தவர் மிகக் குறைவு. கடலில் இடத்துக்கு அடையாளம் கரையில்தான் இருக்கும். கரையிலுள்ள இரண்டு பொருள்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வரவேண்டும், இன்னொரு பக்கம் வேறு இரண்டு அப்படி வரவேண்டும். இரண்டும் ஒன்றாகப் பொருந்துகிற இடத்தில் வலையை இறக்கவேண்டும். இதைக் குறி என்பார்கள். குறி அப்பனிடமிருந்து மகனுக்குப் போகும். மருமகனுக்குப் போகாது. மருமகன் நாளைக்குத் தன் தம்பிமாரிடம் சொல்லிவிடுவான் என்பது அவர்கள் கணக்கு.

இந்தக் கப்பலின் குறி கதிர்காமுவிடம் இருந்தது. அது குணத்துக்கு எப்படித் தெரிந்தது?

"மனிசி சொன்னவள்," என்று குணம் குரலைத் தாழ்த்தினார். "முதல் நாள் மீன் நல்ல பாடு ஐயா, பாரத்தில படகு தாண்டுபோகாத குறை. இரண்டாம் நாள் வலை கப்பலில கொழுவிப்போட்டுது. கடலுக்குப் போற பாஸ் நேரம் முடியுது, நேவி பார்த்துக்கொண்டு நிக்கிறான். கயித்தை வெட்டிப்போட்டு வந்திட்டன்."

"குறி தெரியுந்தானே, திரும்பப் போய் எடுக்க ஏலாதோ?"

"குறி இல்லை ஐயா."

"ஏன்?"

"அது இரட்டைப் பனை. வெட்டிப்போட்டாங்கள்."

கரையில் காவலரண் கட்டுவதற்காக அந்த இரண்டு பனைகளும் தறிக்கப்பட்டிருந்தன. பிறகு வாடைக்காற்றும் தொடங்கிவிட்டது. அந்த மாரி முழுவதும் மலர் தகப்பனுக்கு ஒரே செய்தியைச் சொல்லியனுப்பினாள். 'வலையை வேப்பிலை போட்டுப் பரணில் மடித்து வைத்திருக்கிறோம்.' 'அப்பிடித்தான் வைக்கவேணும்' என்று தகப்பனிடமிருந்து பதில். பங்குனியில் கடல் அடங்கும்போது அவர் வருவார். வலை கொடுத்தவர்தான் புதுப் பருவத்தின் முதல் மிதப்பைக் கட்டவேண்டும் என்பது அந்தக் குடும்பத்து வழக்கம்.

"வலை இல்லையெண்டால் மகளைக் கூட்டிக்கொண்டு போயிடுவாரோ?" என்று என் மனைவி கவலையோடு கேட்டாள்.

"அவள் போகமாட்டாள் அக்கா. கிழவன் எங்கட வாசலில இருந்து சாப்பிடமாட்டன் எண்டு சொல்லும். ஊர் முழுக்க வந்து பார்க்கும். 'வலையைத் துலைச்சவன்' எண்டு எனக்குப் பேர் வச்சாச்செண்டால், பிறகு என்ர பிள்ளையின்ர பிள்ளைக்கும் அதுதான் பேர்."

சல்லியில் ஒரு காலத்தில் ஒருவர் நங்கூரத்தைக் கட்டாமல் கடலில் எறிந்தாராம். அவருடைய பேரன் இன்றும் நங்கூரத்தார்தான். ஆகவே இது வீண்பயம் அல்ல.

"இது நேற்றைய மீன்," என்று என் மனைவி செவுளை விட்டாள். "பரவாயில்லை, வை."

கப்பலுக்கு வயது என்ன?

எனக்கு வலையைவிடக் கப்பலில்தான் ஆசை. எப்போது தாழ்ந்தது? விசாரித்தேன்.

ஒருவர் ஜப்பான்காரன் குண்டு போட்ட வருடம் என்றார். இன்னொருவர் அதற்கு முதல் யுத்தத்தில் என்றார். மூன்றாமவர் ஒல்லாந்தர் காலம் என்று அடித்துச் சொன்னார். ஒல்லாந்தருக்கு இரும்புக் கப்பல் இல்லையே என்றேன். "அதுதான் தாண்டுபோச்சு," என்றார்.

மூவரும் ஒத்துக்கொண்டது ஒன்றுதான். அந்தப் பக்கம் கடலடியில் நிலக்கரி கிடக்கிறது. முன்பு ஆழத்தில் இழுத்த வலைகளில் வந்திருக்கிறது. சிலர் அடுப்பிலும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள், எரியவில்லை.

அப்போதுதான் எனக்கு ஒரு பழைய கப்பலோட்டக் கைநூல் நினைவுக்கு வந்தது. ஆழம் பார்க்கும் ஈயத்தின் அடியில் கொழுப்பையோ சவுக்காரத்தையோ பூசி இறக்குவார்கள். கடலடியில் இருப்பது அதில் ஒட்டிக்கொண்டு வரும். மணலா, சேறா, சிப்பியா என்று பார்த்து இடத்தை அறிவார்கள்.

எங்களுக்குக் கருவி இல்லை. சவுக்காரம் இருந்தது. கரி ஒட்டுகிற பாதையைக் கண்டுபிடித்தால் அது கப்பலுக்குக் கொண்டுபோகும்.

இனி, வலையைக் கொழுவி மேலே இழுக்க ஒரு பாதாளக்கரண்டி தேவை. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்கிற, பல கொளுக்கிகள் கொண்ட அந்த இரும்பு, எங்கள் ஒழுங்கையில் மணியம் மாஸ்டரிடம் மட்டும்தான் இருந்தது. பாதாளக்கரண்டியை வெறுங்கையோடு இரவல் வாங்கக்கூடாது. ஏதாவது ஒரு பாத்திரத்தை ஈடாக வைக்கவேண்டும். அது பழைய முறை. நான் ஒரு செம்பைக் கொண்டுபோனேன்.

"கிணத்துக்கெண்டால் செம்பு," என்றார் மாஸ்டர். "கடலுக்கெண்டால் ரேடியோ."

"கடலுக்கெண்டு ஆர் சொன்னது?"

"மூண்டு நாளாச் சவுக்காரத்தைக் கயித்தில கட்டி உங்கட கிணத்துக்குள்ள விட்டு எடுக்கிறீராம். உம்மட மனிசி என்ர மனிசிக்குச் சொன்னவ."

வானொலியைக் கொடுத்தேன். பாதாளக்கரண்டியின் ஒரு கொளுக்கி நிமிர்ந்து திரும்பி வந்ததால் அது சம்பந்தமான வழக்கு நெடுநாள் நடந்தது. அதை இங்கே எழுதப் போவதில்லை.

கச்சேரிக்கு வலையில் என்ன வேலை?

கடலுக்குப் போகப் பாஸ் வேண்டும். குணத்தின் பாஸில் உதவியாள் என்று என் பெயர் ஏறியது. தொழில்: வலை இழுத்தல். கச்சேரியில் அந்தக் கிழமை முழுவதும் எனக்கு அதுதான் பதவி.

பங்குனி நடுவில் ஒரு சனிக்கிழமை. பாதாளக்கரண்டியைச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் வைத்துக்கொண்டு சல்லிக்குப் போனேன். சோதனைச்சாவடியில் சாக்கை அவிழ்க்கச் சொன்னார்கள். கொளுக்கிகளைக் கண்டதும் இரண்டு சிப்பாய்கள் பின்னால் நகர்ந்தார்கள். நான் நடுவீதியில் நின்று, இல்லாத கிணற்றில் இல்லாத வாளியை விட்டு, அது விழுந்ததற்கு முகத்தைத் தொங்கப்போட்டு, கரண்டியால் எடுத்துக் காட்டினேன். ஒரு சிப்பாய் சிரித்துவிட்டான். அவன் ஊரிலும் கிணறு இருந்திருக்கவேண்டும்.

குணத்தின் வீட்டு முற்றத்தில் கதிர்காமு நின்றார். எதிர்பார்த்ததற்கு ஒரு கிழமை முந்தியே வந்துவிட்டார். பரணில் ஏறிப் பார்த்திருக்கிறார். வேப்பிலைக்கு நடுவில் மலரின் பழைய சேலைதான் மடித்துக் கிடந்திருக்கிறது.

"வலை எங்க?" என்று மருமகனைக் கேட்டார்.

"கடலில, மாமா."

"வலை கடலிலதான் கிடக்கும். கடலில எங்க?"

குணம் கப்பல் கிடக்கிற பக்கம் கையை நீட்டினார்.

"ஆரின்ர குறியில போனனீர்?"

குசினிக்குள்ளிருந்து மலர் வெளியே வந்தாள். "நான்தான் சொன்னனான்."

"உனக்கு ஆர் சொன்னது?"

"நீங்கள் அண்ணாக்களுக்குச் சொல்லேக்க நான் பக்கத்தில இருந்து வலை ஓட்டை பொத்திக்கொண்டிருந்தனான். எனக்கும் காது இருக்குத்தானே."

"அவங்களுக்குச் சொன்னதை நீ என்னெண்டு இவருக்குச் சொல்லுவாய்?"

"பெரியண்ணா ஜேர்மனியில பனிக்குள்ள நிக்கிறார். சின்னண்ணா மட்றாஸில. ரெண்டு பேரும் அங்கயிருந்தோ வலை போடப்போகினம்?"

கதிர்காமு என் பக்கம் திரும்பினார். "நீங்கள் ஆர்?"

"கச்சேரி," என்றேன்.

"காணிப் பிரச்சினையோ?"

"இல்லை. வலை."

"கச்சேரிக்கு வலையிலயும் வேலையோ? வள்ளத்தை இறக்கும்! நான் கண்ணை மூடிக்கொண்டு போய் நிப்பாட்டுவன். வலையை எடுத்துக்கொண்டு நான் என்ர ஊருக்குப் போறன். இந்த வீட்டில இனிக் கை நனைக்கமாட்டன்."

மலர் குசினிக்குள் போனாள். சவுக்காரத்தைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள்.

பாஸ் முறை வந்த பிறகு கதிர்காமு இந்தப் பக்கக் கடலுக்கு வந்ததேயில்லை. படகு வெளியே வந்ததும் எழுந்து நின்று, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக் கரையைப் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். மறுபடி இடப்பக்கம்.

"பனை எங்க?"

"அந்தா," என்று குணம் கரையிலிருந்த காவலரணைக் காட்டினார். "சென்றிக்கு மேல கூரையாக் கிடக்கு."

பனை நின்ற இடத்தில் வெறும் வானம்தான் இருந்தது. கதிர்காமு மெல்ல உட்கார்ந்தார். கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்து, "இந்த இடந்தான்," என்றார். பாதாளக்கரண்டியை இறக்கினோம். மணல். "கொஞ்சம் வடக்க." மணல். "நீர் ஓட்டம் இழுத்துப்போட்டுது, தெற்க வாரும்." மணல்.

மூன்றாம் தடவை அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. தன் கடலில், தன் மருமகனுக்கு முன்னால், யாரோ ஒரு கச்சேரிக்காரனுக்கு முன்னால் அவருக்கு வழி தெரியவில்லை.

சவுக்காரத்தை ஈயத்தில் கட்டத் தொடங்கினேன்.

"உது என்ன? கடலைக் குளிப்பாட்டப் போறியளோ?"

"மாமா, டைட்டானிக் எண்டு ஒரு கப்பல்," என்று குணம் தொடங்கினார். "வெள்ளைக்காரர் எழுபது வரியமாத் தேடினவை. கப்பலைத் தேடாமல் அதின்ர குப்பையைத் தேடிப் பிடிச்சவை. ஐயா கூட்டத்தில சொன்னவர்."

"எழுபது வரியமோ? அவங்கட மாமன்மார் கேக்கேல்லையோ?"

கரி

இப்படித்தான் நாங்கள் மேலும் கீழுமாக உழத் தொடங்கினோம். ஒரே இடத்தில் போய்ப் போய் வருகிற படகு அந்தக் காலத்தில் எவருக்கும் பிடிக்காது. கடற்படை வந்தது. அதிகாரி கேட்டார். நான், "டைட்டானிக்," என்றேன்.

அதிகாரி இளைஞர். முகம் மாறவில்லை. "இங்கேயா?" என்றார். பின்னால் நின்ற சிப்பாய் சிரிப்பை அடக்கினான். "கயிற்றை இழு."

நான் இழுத்தேன். இருபது பாகக் கயிறு, கையை விரித்து விரித்து. துப்பாக்கியின் வாய் நான் இழுக்கிற ஒவ்வொரு இழுப்போடும் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. கண்ணிவெடி வரும் என்று அவர்கள் எதிர்பார்த்திருக்கவேண்டும். குணம் பாஸை உயர்த்திப் பிடித்திருந்தார். அவர்கள் அதைக் கிழித்துவிட்டால் வலை இருந்தும் பயனில்லை.

மேலே சவுக்காரம் வந்தது.

"இது என்ன?"

"சபன்," என்றேன். அந்தச் சிங்களச் சொல் எனக்குத் தெரிந்திருந்தது.

அதிகாரி கையை நீட்டினார். கொடுப்பதற்காகத் திருப்பினேன். அடிப்பக்கத்தில் மஞ்சளில் அழுந்திக் கறுப்பாகச் சிறு மணிகள் ஒட்டியிருந்தன.

துப்பாக்கிகளை மறந்துவிட்டேன். "கரி!" என்று கத்தினேன். "குணம், கரி! பாதை இதுதான்!"

"காட்டுங்கோ, காட்டுங்கோ," என்று கதிர்காமு முன்னாலிருந்து பாய்ந்து வந்ததில் படகு சாய்ந்தது. கடற்படைக்காரன் ஒருவன் எங்கள் படகை எட்டிப் பிடித்தான். அதிகாரி ஒரு மணியை விரலால் தேய்த்து, மணந்து பார்த்து, பக்கத்திலிருந்தவனுக்கும் காட்டினார். சில கணங்கள் ஐந்து தலைகள் ஒரு கட்டிச் சவுக்காரத்தின் மேல் குனிந்திருந்தன. அந்த வருடங்களில் அத்தனை நெருக்கமாக அப்படியொரு கூட்டம் அந்தக் கடலில் வேறெங்கும் கூடியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அதிகாரி நிமிர்ந்தார். பாஸ் நேரத்தை நினைவூட்டினார். இயந்திரத்தைக் கிளப்பும்போது ஏதோ சொன்னார்.

"என்ன சொன்னவன்?" என்று கதிர்காமு கேட்டார்.

"கப்பல் கிடைச்சால் தங்களுக்கும் சொல்லட்டாம்."

"சொல்லுவம், சொல்லுவம். விடியச் சொல்லுவம்!"

அதன் பிறகு சவுக்காரத்தை இறக்குவதும் ஏற்றுவதும் கதிர்காமுதான். என்னிடம் தரவில்லை. ஒவ்வொரு முறையும் அடியைப் பார்த்து, "மெத்தக் கரி", "கரி குறையுது, திருப்பும்" என்று மருமகனுக்குச் சொன்னார். ஈயம் திடீரென்று இரும்பில் இடித்து நின்றது. அந்த அதிர்வு கயிற்றின் வழியே மேலே வந்ததை நானும் தொட்டு உணர்ந்தேன். எழுபது வருடம் தேடியவர்களின் சந்தோஷம் எப்படி இருந்திருக்கும் என்று அந்த நேரம் எனக்கு விளங்கியது.

பாதாளக்கரண்டி நாலாம் இழுப்பில் பிடித்தது. மூவரும் சேர்ந்து இழுத்தோம். முதலில் மிதப்புகள் வந்தன. பிறகு வலை. பிறகு வலை இல்லை.

பாதிதான் வந்தது. மிச்சத்தைக் கப்பல் வைத்துக்கொண்டது. வந்த பாதியிலும் முழங்கை போகிற ஓட்டைகள், செத்த நண்டுகள், பாசி.

குணம் வலையைப் பார்க்காமல் மாமனாரைப் பார்த்தார். கதிர்காமு வலையைப் பார்க்கவில்லை. கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணுக்கு மேல் கை.

"மருமகன்."

"ஓம் மாமா."

"மெசினை நிப்பாட்டும். வள்ளம் அசையாமல் பிடியும். பனை இல்லாட்டியும் கரை கிடக்குத்தானே. புதுக்குறி எடுக்கவேணும். உமக்குக் கண் நல்லம், பார்த்துச் சொல்லும்."

குணம் இயந்திரத்தை நிறுத்தினார். பிறகு, "மாமா, ஐயா இருக்கிறார்," என்றார்.

கதிர்காமு தன் தோளிலிருந்த துண்டை எடுத்தார். "குறை நினைக்காதேங்கோ. கச்சேரியில எல்லாத்தையும் எழுதி வைப்பியள் எண்டு கேள்வி." துண்டை என் தலைமேல் போட்டு முகத்தை மூடினார்.

மீன் வெடில் மணம் அடித்த அந்த இருட்டுக்குள், ஒரு கப்பல் கண்டுபிடிக்கப்பட்ட இடத்துக்கு நேர் மேலே, நான் உட்கார்ந்திருந்தேன். காதுக்குள் விரலை வைக்கும்படியும் கேட்டுக்கொண்டார்கள். வைத்தேன். ஆகவே கப்பல் எங்கே கிடக்கிறது என்று வாசகர்கள் எழுதிக் கேட்கவேண்டாம்.

கரையில் மலர் நின்றாள். தகப்பன் பாதி வலையைத் தூக்கி மணலில் போட்டார். அவள் ஓட்டைகளைப் பார்த்தாள். பிறகு தகப்பனைப் பார்த்தாள்.

"பிழை உன்னில," என்றார் கதிர்காமு.

"என்னிலயோ?"

"குறியை மட்டும் சொல்லியிருக்கிறாய். நீர் ஓடுற பக்கத்தைப் பார்த்து, எந்தப் பக்கத்தில வலையை இறக்கிறதெண்டு சொல்லேல்லை. பாவம், இவர் என்ன செய்வார்? சொல்லுறதெண்டால் முழுக்கச் சொல்லவேணும்."

"நீங்கள் எனக்கு முழுக்கச் சொன்னனீங்களோ?" என்றாள் மலர். "அந்த இடத்தில நீங்கள் குரலைக் குறைச்சிட்டியள்."

குணம் படகைக் கட்டுகிற கயிற்றில் மிகவும் கவனமாக இருந்தார்.

"சோறு இருக்கோ?" என்று கிழவர் கேட்டார்.

"இருக்கு."

"போட்டுக்கொண்டு வா. வந்து இதில இரு. ரெண்டு பேரும் இருங்கோ." மலர் சோற்றோடு வந்ததும் கிழவர் மணலில் அமர்ந்து, ஒரு சுள்ளியை எடுத்துப் புதுக்குறியின் முதல் கோட்டைக் கீறினார். கீறிய கை நின்றது. மூவரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

யாரும் கேட்பதற்கு முன், இன்னும் என் தோளில் கிடந்த துண்டை நானே எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன்.